ஒரு தடவைகூடக் கத்தவில்லை

மார்ச் 3, காலை 9.40

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து எட்டு நாள் ஆகிறது. நன்றி சொல்லி எழுதச் சொல்லி உன் தம்பி பெண்டாட்டி எட்டு நாளாக என் உயிரை எடுக்கிறாள். இதோ எழுதிவிட்டேன். நன்றி.

நீ கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன். எடுக்கமாட்டேன். எடுத்தால் பேசுவோம், பேசினால் அந்த மீட்டிங் வரும், அந்த மீட்டிங் வந்தால் நான் கத்துவேன், இங்கே பச்சைக் குழந்தை தூங்குகிறது. புது அலாரத்தை டெஸ்ட் செய்ய இரண்டே நாள் அவகாசம் கேட்டேன். மானேஜர் நக்கலாகச் சிரித்தார். அவர் சிரித்தது போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கூடப்பிறந்தவள் "இன்னைக்கே அனுப்பிடலாம் சார்" என்றாள். கம்பெனி கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்து ஏழு வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் எழுத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

குட்டி நன்றாக இருக்கிறாள். ஆறு வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டதால் எடை இரண்டு கிலோதான். தூக்கத்தில் மூச்சு விட மறந்துபோகும் வழக்கம் இன்னும் போகவில்லை. இன்னும் ஒரு மாதம் கண்ணும் கருத்துமாக இருங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு விட்டார். அந்த வகையில் மூச்சு நின்றால் அலாரம் அடிக்கிற உன் கம்பெனி மிஷின் வந்தது நல்லதாகப் போயிற்று. வயிற்றில் பட்டையை ஒட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் தூங்குகிறோம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மிஷின் சரியான வாயாடி. இவள் காலை உதைத்துப் பட்டை நழுவினால்கூட வீல் என்று கத்தி வார்டையே எழுப்பும். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது நடக்கும். உன்னுடையது தங்கம். எட்டு நாளில் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

பெயர் இன்னும் வைக்கவில்லை. வைத்தால் தெரிவிக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 3, காலை 10.05

டேய்,

மேலே படிக்காதே. முதலில் குட்டியைக் கையில் தூக்கு. தூக்கிவிட்டாயா? இப்போது அவள் வயிற்றிலிருந்து பட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டு கடிகாரத்தைப் பார். மூச்சு தெரியாமல் போனால் பதினைந்தாவது விநாடிக்குள் அது ஊரைக் கூட்ட வேண்டும். என்ன ஆனது என்று உடனே எழுது. குட்டியை மட்டும் கீழே விடாதே.

உனக்கு ஆறு தடவை அடித்துவிட்டேன், உன் பெண்டாட்டி போன் அணைந்து கிடக்கிறது. உன் வீம்பை எடுத்துக் குப்பையில் போடுடா.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வெறும் பயமாகவே இருக்கட்டும், ஆயுசு முழுக்க என்னைக் கேலி பண்ணு, தாங்கிக்கொள்கிறேன். ஆனால் எட்டு நாள் கத்தாத மிஷின் என்று ஒன்று கிடையாது. எத்தனை நன்றாக ஒட்டினாலும் பட்டை நழுவும், அது கத்தும், பெற்றவர்கள் எங்களைத் திட்டுவார்கள். வருஷக்கணக்காக அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு இருப்பவள் நான். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் மேலே படிக்காமல் போனைத்தான் எடுத்தேன்.

அக்கா

*

மார்ச் 3, காலை 10.31

பிய்த்தேன்.

பதினைந்து. முப்பது. ஒரு நிமிடம். சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக் என்கிறது. சத்தம் இல்லை. சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்து மறுபடி பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டும் பார்த்தேன். மூன்று தடவையும் ஊமைதான்.

எட்டு நாள் அக்கா. நாங்கள் தூங்கினோம். முறை போட்டுக்கொண்டு விழித்திருந்தவர்கள், உன் மிஷின் வந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கினோம்.

குட்டியின் அம்மாவிடம் சொன்னேன். குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், என் கையில்கூடத் தரமாட்டேன் என்கிறாள். டாக்டருக்குப் போன் போட்டேன், உடனே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லிவிட்டார். வண்டி வருகிறது.

ஒன்று சொல். எனக்கு எடுத்து அனுப்பியது எந்த வெர்ஷன்? ஜனவரியில் அவசர அவசரமாக அனுப்பினீர்களே, அதுவா?

*

மார்ச் 4, மாலை 5.15

தம்பி,

குட்டி வார்டில் இருக்கிறாள் என்று உன் பெண்டாட்டி இரண்டு வரி அனுப்பினாள். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கியது.

ஆமாம், ஜனவரி வெர்ஷன்தான். ஷெல்ஃபில் முன்வரிசையில் பழசு இருந்தது. என் தம்பி குழந்தைக்குப் புதுசாகப் போகட்டும் என்று கையை விட்டுப் பின்னாலிருந்து எடுத்தேன். இன்று அந்த முன்வரிசை மிஷின் ஒன்றைப் பிரித்து பட்டையை இழுத்துப் பார்த்தேன். அது காது கிழியக் கத்துகிறது.

இனிதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. புது மிஷின் நாலு எடுத்தேன். மேசையில் சும்மா வைத்தால் நாலும் ஊமை. அதே நாலையும் டெஸ்ட் பெஞ்சில் கம்ப்யூட்டர் கேபிளில் மாட்டினால் நாலும் கத்துகிறது. கழற்றினால் ஊமை. டெஸ்ட் ரூம் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க முதல்ல உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மானேஜரிடம் போனேன். "ஒரு மிஷின்ல ஸ்பீக்கர் ஒயர் விட்டிருக்கும், திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றார். நாலிலும் விட்டிருக்குமா சார் என்றேன். பெஞ்சில் கத்துகிறதே, பிறகென்ன என்கிறார்.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு ஒட்டியது. 'பொய் அலாரம்' என்று வாடிக்கையாளர் புகார், டிசம்பரில் நாற்பத்தொன்று, பிப்ரவரியில் பூஜ்யம். அதற்காக எல்லாரையும் கூப்பிட்டு வைத்து எனக்குக் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஏன் பூஜ்யம் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே. இன்று அந்தப் படத்தைத் தாண்டி நடக்கவே பயமாக இருந்தது, மாடிப்படியில் ஏறிப் போனேன்.

கடைசி நாளில் புது அலாரம் புரோகிராமைப் போட்டுவிட்டுப் போனவன் நீ. மிஷினுக்குள் போகிற சாஃப்ட்வேரைக் கட்டித் தருகிற ஸ்கிரிப்ட்டும் நீ எழுதியது. நான் செய்ததெல்லாம் பட்டனை அழுத்தியதுதான். உன்மேல் பழி போடுவதற்காக இதைக் கேட்கவில்லை. எங்கே பார்க்கட்டும்? சொல்.

அக்கா

*

மார்ச் 4, மாலை 6.50

"பட்டனை அழுத்தியதுதான்." நன்றாக இருக்கிறது அக்கா. பட்டனை அழுத்துகிறவர்கள் யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

இதற்குமேல் திட்டி ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்த மிஷினுக்குள் இரண்டு ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவன் எஜமான், எதை வேண்டுமானாலும் செய்யலாம். இன்னொருவன் கூலிக்காரன், மூச்சு நின்றால் அலாரம் புரோகிராமை ஓட்டுவது மட்டும்தான் அவன் வேலை. வெளியாள் எவனாவது உள்ளே புகுந்துவிட்டால் ஆபத்து என்று அப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் டெஸ்ட் பெஞ்ச் கேபிள் வழியாக எஜமான் லாகினில் நுழைகிறது. அதனால் அங்கே எல்லாமே ஓடும். இரண்டு நாள் கேட்டேனே, கேபிள் இல்லாமல் டெஸ்ட் செய்யத்தான் கேட்டேன்.

அன்று அந்தப் புது ஃபைலை என் லாகினில் உருவாக்கினேன். ஓட்டுகிற அனுமதியை எனக்கு மட்டும் கொடுத்து, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மீட்டிங்குக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. மற்றவர்களால் அந்த ஃபைலைப் படிக்க மட்டும்தான் முடியும். அது பரவாயில்லை, ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி இருக்கிறது, எல்லா ஃபைலையும் எல்லாரும் ஓட்டலாம் என்று மாற்றிவிடும். ஆனால் ஒரு ஃபைலின் அனுமதியை அதன் சொந்தக்காரன்தான் மாற்ற முடியும். ஃபைல் என் பெயரில். பட்டனை அழுத்தியது நீ, உன் லாகினில். முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்.

சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. சிப் கம்பெனி கொடுத்த சில ஃபைல்கள் யார் பெயரிலும் இல்லாததால், அந்த வரியில் பில்ட், அதாவது சாஃப்ட்வேர் கட்டும் வேலை, தினமும் நின்றுகொண்டே இருந்தது. மானேஜர் என் பின்கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். அந்த வரியின் கடைசியில் ஒரு வால் ஒட்டினேன். தோற்றாலும் தோற்றதாகச் சொல்லாதே, மேலே போ என்று அர்த்தம். பில்ட் பிழையில்லை என்று பச்சை காட்டி முடிந்தது, அவரும் போய்விட்டார்.

கேபிளைக் கழற்றிவிட்டு, கூலிக்காரன் லாகினில் அந்த அலாரத்தை ஓட்டிப் பார். என்ன சொல்கிறது என்று எழுது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே அக்கா. புது இடத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

*

மார்ச் 5, மதியம் 2.30

தம்பி,

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. நாலு மிஷினும் அதையேதான் சொன்னது. ஃபைலுக்கு முன்னால் உன் லாகின் பெயர் நின்றது.

அந்த வாலுக்கு மேலே நீ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய், 'பிறகு சரி பண்ணணும்' என்று. ஜனவரியில் அதை நான் படித்தேன்டா. படித்துவிட்டு, பில்ட் பச்சையாக வந்ததும், வெளியே அனுப்பலாம் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தில் உன் பெயர் இல்லை, என் பெயர்தான் இருக்கிறது. எனவே நீ ரொம்பப் பயப்படாதே. பயப்பட வேண்டியவள் இங்கே இருக்கிறேன்.

நூற்று எண்பத்தாறு மிஷின் வெளியே போயிருக்கிறது. நூற்று எண்பத்தாறு தொட்டில்.

மானேஜரிடம் திரையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். மாதக் கடைசியில் சர்வீஸ் ஆட்கள் எப்படியும் வீடு வீடாகப் போவார்கள், அப்போது புது வெர்ஷனை ஏற்றிவிடலாம், 'ஒலி மேம்பாடு' என்று போட்டுக்கொள்ளலாம். "எதையும் எழுத்துல வைக்காதீங்கம்மா. கையெழுத்து உங்களுது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மிரட்டவில்லை, அவரும் பயத்தில்தான் சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடியும். பாத்ரூமில் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். போலீஸ், கோர்ட்டு, என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நிற்பது, எல்லாம் கண் முன்னால் ஓடியது. நான் தைரியசாலி என்று நீ சின்ன வயதில் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வாய். இல்லைடா. யாராவது உறுதியான குரலில் ஒன்றைச் சொன்னால் என் தலை தானாக ஆடிவிடுகிறது.

இப்போதைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இல்லையா? புகார் எதுவும் வரவில்லை. இருபத்தாறு நாள்தானே. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே கூசுகிறது.

அக்கா

*

மார்ச் 6, மதியம் 12.10

அக்கா,

இன்று காலை பதினோரு மணிக்குக் குட்டி மூச்சை நிறுத்திவிட்டாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, அழகாகத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். வார்டு மிஷின் வீல் என்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலில் இரண்டு தட்டு தட்டினார். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது தட்டில் வாயைத் திறந்தாள், மூச்சு வந்தது.

"இது சகஜம் சார், அதுக்குத்தானே மிஷின்" என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புகார் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மிஷின் கத்தாததால் குழந்தை போய்விட்டது என்று பெற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? தூக்கத்தில் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். தலைவிதி என்று அழுவார்கள். உங்களுக்குப் புகார் எழுதமாட்டார்கள்.

என் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. வால் ஒட்டியவன் நான்தான் என்று சொல். இன்றைக்கே சொல். இருபத்தாறு நாள் எல்லாம் கிடையாது அக்கா, பதினைந்து விநாடிதான்.

*

மார்ச் 8, மாலை 4.00

தம்பி,

உன் கடிதத்தை மேசையில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து நேராக டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாவிடம், எந்த மிஷின் எந்த வீட்டுக்குப் போனது, போன் நம்பரோடு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். குழந்தைகள் செத்துப்போய்விடும் என்றேன். இப்படிப் போட்டு உடைப்பேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் வேறெதுவும் கேட்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து முதல் வீட்டைக் கூப்பிட்டேன். "குழந்தையை முதல்ல கையில தூக்குங்க, பட்டையைப் பிய்ங்க, கத்துதா பாருங்க." பதினெட்டாவது வீட்டில் இருக்கும்போது மானேஜர் வந்து மேல்படியில் நின்றார். நிறுத்தச் சொன்னார். நான் தலையை ஆட்டவில்லை. பத்தொன்பதாவது நம்பரை அழுத்தினேன், கைவிரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் போய்விட்டிருந்தார். மருத்துவ சாதனங்களைக் கண்காணிக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு அன்றே எழுதிப் போட்டுவிட்டேன். என் கையெழுத்து, உன் வால், டெஸ்ட் பெஞ்ச் கேபிள், ஒன்றையும் பூசி மெழுகவில்லை. உன் பெயரைப் போடும்போது பேனா நின்றது. போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

அன்றே கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டியல் என் கைப்பையில் இருந்தது. நேற்றும் இன்றும் உன் மாமா ஒரு போனில், நான் ஒரு போனில். மனுஷன் வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை, தொண்டை கட்டிவிட்டது.

திட்டுகிறார்கள், அழுகிறார்கள். ஒரு பெண் எனக்கு நன்றி சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருத்தர் நான் ஏதோ ஏமாற்றுக்காரி என்று நினைத்து வைத்துவிட்டார், ஐந்து தடவை திரும்பத் திரும்ப அடித்துப் புரியவைத்தேன். நூற்று எழுபத்தொரு வீட்டில் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் ஊமை. எல்லாக் குழந்தைகளும் நலம். பதினாலு வீட்டில் போன் எடுக்கவில்லை.

மீதி ஒன்று. நூற்றுப் பன்னிரண்டாவது நம்பர். ஒரு ஆண் குரல் எடுத்தது. மிஷின் விஷயமாக என்று தொடங்கினேன், முடிக்க விடவில்லை. "அந்த மிஷின் இப்ப எங்களுக்குத் தேவையில்லம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குழந்தை வளர்ந்துவிட்டதா, அல்லது... இல்லை, அந்த வார்த்தையை நான் எழுதமாட்டேன். போனை வைத்துவிட்டேன். உன் மாமா கூப்பிடுகிறேன் என்றார், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். கேட்டுவிட்டால் பிறகு அது நடந்ததாகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், நீ கூப்பிடு. என்னால் முடியாதுடா.

அக்கா

*

மார்ச் 9, காலை 11.20

அக்கா,

கூப்பிட்டேன். குட்டி வார்டில் அவள் அம்மாவோடு இருந்தாள், நான் வெளியே வாகனங்கள் நிறுத்துகிற இடத்துக்கு வந்து நின்றுகொண்டேன். எடுத்தவரிடம் முதலில் நான் யார் என்று சொன்னேன். உங்கள் மிஷின் கத்தாமல் போனதற்குக் காரணமான வரியை எழுதியவன் நான் என்றேன். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

"பையனா? அவன் குப்புற விழுந்து நீந்தறானே தம்பி. டாக்டர் மிஷின் போதும்னுட்டார்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவர் தொடர்ந்து பேசினார். "நல்ல மிஷின்னு கொழுந்தியா வீட்டுக்குக் குடுத்துட்டோம். அங்க பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது, இதுவும் முன்கூட்டியே பொறந்தது."

இரண்டு நாள் முன்னால் கொடுத்தார்களாம். உன் பட்டியலில் அந்த வீடு கிடையாது. யார் பட்டியலிலும் கிடையாது.

நம்பர் வாங்கி அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தாள், பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். குழந்தை உள்ளறையில் தூங்குகிறதாம். "ஒன்றரை மணி நேரமாச்சு, அசையவே இல்ல. மிஷின் இருக்கேன்னுதான் தைரியமா விட்டுட்டு வேலையப் பாக்கறேன்" என்றாள். போங்க, உடனே போய்த் தூக்குங்க என்று கத்திவிட்டேன். அவளுக்கு நான் யாரென்றுகூடச் சொல்லவில்லை.

போனை எங்கேயோ வைத்துவிட்டாள். குழாயை மூடவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது, கதவு கேட்டது. பிறகு தண்ணீர் மட்டும். எண்ண ஆரம்பித்தேன், என்னை அறியாமல். ஐந்து. பத்து. பதினைந்து. அக்கா, பதினைந்துக்குப் பிறகும் நான் எண்ணினேன். இருபத்தேழு வரைக்கும் அந்தத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்தெட்டில் அழுதது. தூக்கம் கலைந்த கோபத்தில், முழுத் தொண்டையையும் திறந்து அழுதது. அவள் வந்து போனை எடுத்து, "நல்லாத் தூங்கிட்டு இருந்த புள்ளய எழுப்பி விட்டுட்டீங்க, யாருங்க நீங்க?" என்று சண்டைக்கு வந்தாள்.

நான் யார், மிஷினில் என்ன கோளாறு என்று சொன்னேன். பட்டையை இழுத்துப் பார்த்தாள். ஊமைதான்.

அந்தப் பதினாலு நம்பரில் பாதியை எனக்கு அனுப்பு. அழைக்கிற ஒவ்வொரு வீட்டிலும், மிஷினை வேறு யாருக்காவது கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். நீ ஏற்கெனவே பேசி முடித்த வீடுகளில் அதை யாரும் கேட்கவில்லையென்றால் அவற்றையும் முதலிலிருந்து கூப்பிடுவோம். இப்போதே அனுப்பு.

தம்பி